இரண்டு நொடியில் சரியான முடிவு: ஆர்பிஓ கற்றுத்தரும் 8 பாடங்கள்

வேலை தெரிந்தவர்கள் எல்லா ஆபீஸிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நெருக்கடியில் சட்டென்று சரியாக முடிவெடுப்பவர்கள் குறைவு. ப்ரொமோஷன் அவர்களுக்குத்தான் போகிறது. இது பிறவித் திறமை என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். பயிற்சியால் வரக்கூடிய ஸ்கில் இது.

இந்த ஸ்கில்லை முறைப்படி வளர்க்கும் இடங்களில் ஒன்று அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மைதானம். அங்கே இருபது வயது மாணவர் ஒருவர், தன்னைச் சாய்க்க ஓடிவரும் ஆட்களுக்கு நடுவில், இரண்டு நொடிக்குள் முடிவெடுக்கிறார். ஒரே ஆட்டத்தில் பலமுறை எடுக்கிறார். அதைச் சாத்தியமாக்கும் உத்தியின் பெயர் ‘ரன்-பாஸ் ஆப்ஷன்’. சுருக்கமாக ஆர்பிஓ.

முதலில் ஆட்டம் புரியட்டும்

அமெரிக்கன் ஃபுட்பாலில் பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். பந்தோடு ஓடலாம், அல்லது ரிசீவருக்கு எறியலாம். வழக்கமான ப்ளேயில் எது என்று கோச் முன்பே சொல்லிவிடுவார். ஆர்பிஓவில் ஓட்டம், எறிதல் இரண்டுமே ஒரே ப்ளேக்குள் தயாராக இருக்கும்.

பந்து ஸ்னாப் ஆகிறது, அதாவது முன்வரிசையிலிருந்து பின்னால் தரப்படுகிறது. முன்வரிசையின் ஐந்து லைன்மேன்களும் ஓட்டத்துக்கு வழி திறக்கும் விதமாகவே எதிராளிகளை முட்டித் தள்ளுகிறார்கள். அதை வாங்கும் குவார்ட்டர்பேக், முதலில் சொன்ன அந்த மாணவர், பந்தோடு ஓடுபவரான ரன்னிங் பேக்கின் வயிற்றருகே அதை நீட்டுகிறார். ஆனால் பிடியை விடவில்லை. இந்தக் கட்டத்துக்கு ‘மெஷ்’ என்று பெயர். அவருடைய கண் ஒரே ஒரு எதிராளியின் மேல் நிற்கிறது. பெரும்பாலும் அவர், எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கர். யாரும் தொட வேண்டாம் என்று அவரைத் திட்டமிட்டே விட்டுவைத்திருக்கிறார்கள். ஓட்டத்தைத் தடுக்க அவர் முன்னே வந்தால், குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு, அவர் காலி செய்த இடத்தில் குறுக்கே ஓடிவரும் ரிசீவருக்கு எறிகிறார். அவர் பின்வாங்கினால் பந்து ரன்னிங் பேக்குக்குப் போகிறது. அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தப்பாக முடியும்.

ஓடுவதுபோல் ஏமாற்றிவிட்டு எறியும் ‘ப்ளே-ஆக்‌ஷன்’ பழைய உத்தி. அதில் எறிவது என்று முன்பே முடிவாகிவிட்டது. ஆர்பிஓவில் முடிவைச் சொல்வது எதிராளியின் கால்.

கணக்கையும் பாருங்கள். பந்தைக் கொடுப்பவர், வாங்கி ஓடுபவர் இருவரையும் கழித்தால் தடுப்பதற்கு மிஞ்சுவது 9 பேர். எதிரே 11 பேர். அவர்களில் ஒருவரைத் தொடாமலே, வெறும் பார்வையால் ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுவதுதான் இந்த உத்தியின் லாபம்.

இதற்கு அடித்தளம் 1990-களில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ரிச் ரோட்ரிகஸ் வளர்த்தெடுத்த ‘ஸோன் ரீட்’. ஓரத்தில் நிற்கும் எதிராளியைப் பார்த்து, பந்தைக் கொடுப்பதா, வைத்துக்கொண்டு தானே ஓடுவதா என்று குவார்ட்டர்பேக் தீர்மானிக்கும் முறை அது. அதோடு எறிதலையும் சேர்த்தது ஆர்பிஓ. கல்லூரியில் வளர்ந்த இந்த உத்தி தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வரை போனது. 2018 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்ற ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அந்த சீசனில் இதை நன்றாகப் பயன்படுத்திய அணி.

இனி, உங்கள் வேலைக்கு வருவோம்.

1. எல்லோரையும் பார்க்காதீர்கள், ஒருவரைப் பாருங்கள்

11 பேரையும் கவனிக்க முயலும் குவார்ட்டர்பேக் எதையும் கவனிக்க மாட்டார். கோச் அவருக்குக் காட்டுவது இரண்டு பொறுப்பைச் சுமக்கும் ஒரே ஆளை. ஓட்டத்தையும் அவர் தடுக்க வேண்டும், பாஸையும் காக்க வேண்டும். ‘கான்ஃப்ளிக்ட் டிஃபெண்டர்’ என்பது அவருக்கு வைத்திருக்கும் பெயர்.

2013 நவம்பர் 30. ஆபர்ன் அணியும் அலபாமா அணியும் மோதிய ஆட்டம். ஆபர்ன் 7 புள்ளி பின்தங்கியிருந்தது. குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் பந்தோடு இடப்பக்கம் ஓடினார். அவரை மடக்க கார்னர்பேக் முன்னேறினார். அந்தக் கார்னர்பேக் காக்க வேண்டிய ரிசீவர் சாமி கோட்ஸ் தனியாக நின்றார். மார்ஷல் ஓடிக்கொண்டே எறிந்தார். 39 யார்டு டச்டவுன், ஸ்கோர் 28-28, மிச்சம் 32 நொடி. கடைசி நொடியில் இன்னொரு டச்டவுன் அடித்து ஆபர்ன் 34-28 என்று வென்றது.

இன்டர்வியூவில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சீட் சீக்கிரம் நிரம்ப வேண்டும், தப்பான ஆளை எடுத்துவிடவும் கூடாது என்ற இரண்டு கவலையும் சேர்ந்து அழுத்துவது ஒருவரை மட்டும்தான்: உங்களை நேரடியாக வேலை வாங்கப்போகும் மேனேஜர். அவரைப் பாருங்கள். “எப்போ ஜாயின் பண்ண முடியும்?” என்று கேட்டால் அவசரம் ஜெயிக்கிறது. சம்பளத்தில் பேச இடம் இருக்கிறது. பழைய ப்ராஜெக்ட்டைத் தோண்டித் தோண்டிக் கேட்டால் பயம் ஜெயிக்கிறது. சம்பளத்தைப் பிறகு பேசலாம், செய்த வேலைக்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள்.

2. முடிவை அல்ல, விதியை முன்பே எழுதுங்கள்

‘லைன்பேக்கர் முன்னே வந்தால் எறி, பின்னே போனால் கொடு.’ குவார்ட்டர்பேக்கின் தலையில் இருப்பது இந்த ஒரு வரிதான். கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். யோசனை எல்லாம் வாரநாள் பயிற்சியிலேயே முடிந்துவிடும். ஆட்டத்தன்று கண்ணும் கையும் வேலை செய்தால் போதும்.

ஆஃபர் பற்றிப் பேச உட்காரும் முன் நீங்களும் இப்படி எழுதுங்கள். இந்தத் தொகைக்குக் கீழே சொன்னால் இரண்டு நாள் டைம் கேட்பேன். தொகையை ஏற்ற முடியாது என்றால் பதவிப் பெயரைக் கேட்பேன். இரண்டுமே இல்லை என்றால் எழுந்துவிடுவேன். எழுதி வைத்தவர் தடுமாற மாட்டார். எழுதாதவர் எதிராளி சொன்ன முதல் தொகைக்குத் தலையாட்டிவிடுவார்.

3. ஸ்னாப்புக்கு முன்பே பாதி ஜெயியுங்கள்

பந்து அசையும் முன்பே குவார்ட்டர்பேக் எண்ணுகிறார். நடுப்பகுதியில் எதிராளிகள் எத்தனை பேர்? தன்னிடம் தடுப்பவர்கள் 6 பேர், எதிரே நிற்பவர்களும் 6 பேர் என்றால் ஓட்டம் லாபம். 7 பேர் குவிந்திருந்தால் ஓரத்தில் ஆள் குறைந்திருக்கும். பந்து உடனே அங்கே நிற்கும் ரிசீவருக்குப் போகும்.

மைதானத்தின் அளவும் கணக்கில் சேரும். கல்லூரி மைதானத்தில், பந்து வைக்கப்படும் பகுதியைக் குறிக்கும் இரு ஹாஷ் கோடுகளுக்கு நடுவே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். அதனால் கல்லூரி ஆட்டத்தில் பந்து ஒரு ஓரமாக வைக்கப்படும்போது மறுபக்கம் பெரிய வெட்டவெளி கிடைக்கும். அதைக் காக்க நிற்பவர் நடுப்பகுதிக்கு வந்து உதவுவது கஷ்டம்.

இன்டர்வியூவுக்குப் போகும் முன் நீங்கள் எண்ண வேண்டியவை: அந்த டீமில் எத்தனை பேர், இந்த சீட் ஏன் காலியானது, இதே வேலைக்கு எத்தனை நாளாக விளம்பரம் ஓடுகிறது. மூன்று மாதமாக ஓடுகிறது என்றால் ஆள் கிடைக்காமல் அவர்கள் திணறுகிறார்கள். கதவைத் தட்டும் முன்பே உங்கள் கை ஓங்கிவிட்டது.

4. ரூல் புக்கைப் படியுங்கள்

கல்லூரிகளில் ஆர்பிஓ இவ்வளவு செழித்ததற்கு ஒரு விதி முக்கியக் காரணம். பாஸ் எறியப்படும்வரை லைன்மேன்கள் ப்ளே தொடங்கிய கோட்டைத் தாண்டி அதிகதூரம் போகக் கூடாது. கல்லூரி விதியில் 3 யார்டு வரை அனுமதி. என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஓட்டத்துக்காக முட்டி முன்னேறும் லைன்மேனுக்கு அந்த இரண்டு யார்டு வித்தியாசம் பெரிய அவகாசம். கல்லூரியிலும் இதை 1 யார்டாகக் குறைக்க 2015-ல் முன்மொழிந்தார்கள். அது நிறைவேறவில்லை. விதி என்ன அனுமதிக்கிறது என்று துல்லியமாகப் படித்த கோச்சுகள் அந்த இடைவெளிக்குள் ஒரு முழு ஆட்டமுறையையே கட்டினார்கள்.

உங்கள் கம்பெனியின் அப்ரைசல் பாலிசியை நீங்கள் முழுதாகப் படித்ததுண்டா? இன்டர்னல் டிரான்ஸ்ஃபருக்கு எத்தனை மாதம் ஆக வேண்டும், சர்ட்டிஃபிகேஷன் ஃபீஸைக் கம்பெனி தருமா, நோட்டீஸ் பீரியடைக் குறைக்க முடியுமா? பக்கத்து சீட்காரர் படிக்கும் முன் நீங்கள் படியுங்கள்.

5. கையில் இருப்பதை முகம் காட்டக் கூடாது

கொடுக்கும்போதும் உருவும்போதும் குவார்ட்டர்பேக் நிற்கும் விதம், தோள், கை எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். லைன்பேக்கர்கள் லைன்மேனின் அசைவைப் பார்த்தே ஓட்டமா பாஸா என்று கண்டுபிடிக்கப் பழகியவர்கள். ஆர்பிஓவில் லைன்மேன் எப்போதும் ஓட்டத்துக்கே தடுப்பதால், அந்தப் பழக்கமே அவர்களைக் கவிழ்க்கிறது.

இன்னொரு ஆஃபர் கையில் இருக்கும்போது ஆபீஸில் நடை மாறுகிறது, பேச்சு மாறுகிறது, லீவு கூடுகிறது. மேனேஜர் கவனித்துவிடுவார். பேச வேண்டிய நாள் வரும்வரை வழக்கம்போல் வாருங்கள், வழக்கம்போல் முடியுங்கள். உங்கள் பேரத்தின் பலம் அந்த நிதானத்தில் இருக்கிறது.

6. பந்து உங்களிடம் வராவிட்டாலும் முழு வேகம்

ஆர்பிஓ நடக்கும்போது அது ஓட்டமா பாஸா என்று லைன்மேன்களுக்குத் தெரியாது. அவர்கள் தடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பந்து கைக்கு வந்ததா என்பது ரன்னிங் பேக்குக்கே கடைசி நொடியில்தான் தெரியும். வராவிட்டாலும் அவர் வந்ததுபோல ஓட வேண்டும். அந்த ஓட்டத்தை நம்பித்தான் லைன்பேக்கர் முன்னே வருகிறார். ஆட்டம் முடிந்ததும் கோச்சுகள் வீடியோவைப் போட்டு ஒவ்வொருவருக்கும் ப்ளே வாரியாக கிரேடு தருவார்கள். பந்தைத் தொடாதவருக்கும் கிரேடு உண்டு.

பிரசன்டேஷன் செய்பவர் வேறொருவராக இருக்கலாம். டேட்டா உங்களுடையது என்றால் அதில் ஒரு பிழையும் இருக்கக் கூடாது. செய்ததைத் தேதியோடு குறித்தும் வையுங்கள். அப்ரைசல் நாளில் அது உங்கள் வீடியோ.

7. தாமதமான சரியான முடிவும் தப்புதான்

எறியலாமா வேண்டாமா என்று ஒரு நொடி கூடுதலாக யோசித்தால் லைன்மேன்கள் 3 யார்டைத் தாண்டிவிடுவார்கள். 5 யார்டு பெனால்டி. அதற்குள் பின்வரிசை எதிராளிகளும் ஓடிவந்துவிடுவார்கள், பந்து அவர்கள் கைக்கே போகலாம்.

உங்கள் வேலையிலும் இந்தக் கடிகாரம் ஓடுகிறது. கிளையன்ட்டின் மெயிலுக்கு நாளை மறுநாள் போகும் பிரமாதமான பதிலைவிட இன்று போகும் தெளிவான பதில் மதிப்புள்ளது. பெரும்பாலான முடிவுகளுக்கு 70 சதவீதத் தகவல் போதும். மீதி 30 வரும்வரை காத்திருந்தால் வாய்ப்பு வேறொருவரிடம் போயிருக்கும்.

8. உத்தி பழசாகும், நீங்கள் ஆகாதீர்கள்

எதிரணிகள் சும்மா இருக்கவில்லை. யாருக்கும் இரண்டு பொறுப்பு வராதபடி ஆளுக்கு ஆள் காவல் போட்டார்கள். ஓட்டத்தைத் தடுக்கும் வேலையை லைன்பேக்கரிடமிருந்து, பின்வரிசையில் நிற்கும் சேஃப்டிக்கு மாற்றினார்கள். அயோவா ஸ்டேட் அணி மூன்று சேஃப்டிகளை நிறுத்தியது. முன்னேயும் வராமல் பின்னேயும் போகாமல் நடுவில் நின்று குவார்ட்டர்பேக்கைக் குழப்பவும் டிஃபெண்டர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அதற்கும் பதில் வந்தது. வேக் ஃபாரஸ்ட் சின்னக் கல்லூரி. பெரிய கல்லூரிகள் சேர்க்கும் நட்சத்திர மாணவர்கள் அங்கே வரிசையில் நிற்பதில்லை. கோச் டேவ் கிளாசனின் அணி மெஷ்ஷை மெதுவாக்கியது. குவார்ட்டர்பேக்கும் ரன்னிங் பேக்கும் பந்தைச் சேர்ந்து பிடித்தபடி, தடுமாறும் டிஃபெண்டர் பொறுமையிழந்து அசையும்வரை அடிமேல் அடிவைத்து முன்னே நடந்தார்கள். அந்தக் காத்திருப்பும் அளந்து பழகியதுதான். 2021 சீசனில் அந்த அணி மொத்தம் 11 வெற்றி பெற்றது, தன் ஏசிசி பிரிவின் சாம்பியன்ஷிப் ஆட்டம் வரையும் போனது.

இந்த அறிவையே கரியராக மாற்றியவர் ஜோ பிரேடி. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் லைன்பேக்கர் கோச்சாகத் தொடங்கினார். பென் ஸ்டேட் கல்லூரியில் கிராஜுவேட் அசிஸ்டன்ட் என்ற கீழ்ப்படி வேலைக்குப் போனார். 2016-ல் கோச் ஜோ மூர்ஹெட் அங்கே ஆர்பிஓவைக் கொண்டுவந்தபோது பக்கத்தில் இருந்து கற்றார். பிறகு என்எஃப்எல்லின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் இரண்டு வருடம். 2019-ல் எல்எஸ்யு கல்லூரி அணிக்கு வந்தார். அந்த அணி 15 ஆட்டமும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. அதன் குவார்ட்டர்பேக் ஜோ பரோ 60 டச்டவுன் பாஸ் எறிந்தார். சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது பிரேடிக்குக் கிடைத்தது. அடுத்த ஜனவரியில், 30 வயதில், என்எஃப்எல் அணி ஒன்றின் தாக்குதல் ஆட்டம் முழுவதற்கும் பொறுப்பேற்றார். பதவிப் பெயரைப் பார்த்து அவர் வேலை தேடவில்லை. எங்கே புதிய திறன் உருவாகிறதோ அங்கே போய் நின்றார். அடுத்த வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: அங்கே என்ன கற்கலாம்?

இந்த வாரமே தொடங்குங்கள்

அடுத்த ஏழு நாளில் உங்களுக்கு வரப்போகும் முக்கியமான ஒரு சந்திப்பைத் தேர்ந்தெடுங்கள். அது இன்டர்வியூவாக இருக்கலாம், அப்ரைசலாக இருக்கலாம், கிளையன்ட் காலாக இருக்கலாம். ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். நான் கவனிக்கப்போகும் ஒருவர் யார்? அவர் இப்படிச் செய்தால் என் பதில் என்ன, அப்படிச் செய்தால் என்ன? எத்தனை மணிக்குள், எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வேன்?

எழுதியதை ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து ஐந்து முறை ஓட்டிப் பாருங்கள். அவர் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி நடந்துகொள்ளட்டும். பதில் யோசிக்காமல் வரும்வரை பழகுங்கள். எதிரே உட்காரப்போகும் போட்டியாளர் திறமையில் உங்களுக்குக் குறைந்தவராக இருக்க வாய்ப்பில்லை. தயாரிப்பில் அவர் குறைந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அங்கேதான் நீங்கள் முந்த வேண்டும்.