பழைய ஸ்கிம்மருக்கு எந்த பம்ப்?

கடல்நீர்த் தொட்டிக்குப் பழைய புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்குவது நல்ல யோசனைதான். அக்ரிலிக் உடல் லேசில் கெடாது. ஆனால் பம்ப் இல்லாமலோ, ஓடாத பம்போடோதான் பெரும்பாலும் கைக்கு வரும். பணம் வீணாவது அதற்குப் பம்ப் தேடும்போதுதான்.

நம்பிக்கை: பெரிய பம்ப் போட்டால் நுரை அதிகம் வரும்.

உண்மை: ஸ்கிம்மரில் அழுக்கை வெளியேற்றுவது காற்று. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் உள்ள புரதம் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது. குமிழி பொடியாக இருந்தால் ஒட்டும் பரப்பு கூடும், மெதுவாகவும் ஏறும். தண்ணீரை வேகமாகத் தள்ளினால் உள்ளே கொந்தளிப்புதான் மிஞ்சும். நுரை சேரும் கிண்ணத்தில் கருத்த அழுக்குக்குப் பதில் வெறும் தண்ணீர் நிரம்பும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, காற்றுக் கலக்காமல், உயரம் ஏற்றாமல் ஓடும்போது கிடைப்பது. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கும் என்பதைத்தான்.

நம்பிக்கை: குழாய் பொருந்தினால் எந்த பம்பும் போதும், ஏர்கூலர் மோட்டார்கூட.

உண்மை: சாதாரண பம்பின் இம்பெல்லரில், அதாவது உள்ளே சுழலும் சக்கரத்தில், தட்டையான சில இறக்கைகள்தான் இருக்கும். ஸ்கிம்மர் பம்பில் சீப்பின் பல்போல நெருக்கமாக ஊசிகள் இருக்கும். காற்றை நறுக்கித் தண்ணீரைப் பால்போல் வெளுக்க வைப்பது அந்த ஊசிகளே. ஆனால் நாசில் வழியாக நீரைப் பீய்ச்சியடிக்கும் பழைய வகைகளும் உண்டு. அவற்றுக்கு ஊசி இம்பெல்லர் உதவாது, அழுத்தம் தரும் பம்பே வேண்டும். ஆகவே முதலில் உடலைப் பார்த்து வகையை உறுதிசெய்யுங்கள். கூலர் மோட்டார் வேண்டவே வேண்டாம். இரும்புத் தண்டு இருந்தால் உப்புநீரில் துருப்பிடிக்கும்; செம்பு, பித்தளை பாகம் இருந்தால் அதிலிருந்து கரையும் செம்பு பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

நம்பிக்கை: அமெரிக்காவிலிருந்து வந்த பம்பை டிரான்ஸ்பார்மர் வைத்து இங்கே ஓட்டலாம்.

உண்மை: டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், நம் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இந்த வகை ஏசி மோட்டாரின் சுழற்சி ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அங்கே நிமிடத்துக்கு 3,600 முறை சுற்றியது இங்கே 3,000 முறைதான் சுற்றும். காற்று குறையும், மோட்டாரும் சூடேறும். டிசி பம்ப் என்றால் அடாப்டரைப் பார்த்தால் போதும்.

நம்பிக்கை: நுரை வரவில்லை என்றால் பம்ப் போய்விட்டது.

உண்மை: காற்றுக்குழாயின் நுனியை விரலால் மூடிப் பாருங்கள். விரலை இழுக்கவில்லை என்றால் காற்றை உள்ளே இழுக்கும் வென்சுரித் துளையில் உப்பு வெள்ளையாக அடைத்திருக்கலாம். வெந்நீர் விட்டாலே கரைந்துவிடும். இம்பெல்லரில் படிந்த சுண்ணாம்புக்கு வினிகரில் ஓர் இரவு ஊறல் போதும். கழுவி மாட்டிய ஸ்கிம்மர் பழகிச் சீராக நுரைக்க ஒரு வாரம்கூட ஆகும். அதுவரை பொறுங்கள்.

பழைய ஸ்கிம்மரோடு பம்பும் வந்தால், பணம் கொடுக்கும் முன் இம்பெல்லரைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஊசி உடைந்திருந்தாலோ, காந்தம் உப்பியிருந்தாலோ, அந்த பம்புக்கு விலை தராதீர்கள்.