வடகிழக்குப் பருவமழையும் இன்ஜின் ஆயிலும்: வாகன உரிமையாளர்களுக்கு ஐப்பசி மாத ஆலோசனை

ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை நீளக்கூடியது என்பதும், அதற்குள் ஏதேனும் ஓர் இரவில் தாழ்வான தெருக்களில் நிற்கும் வண்டிகள் நீரில் மூழ்கக்கூடும் என்பதும் தமிழகத்தார் அறியாத செய்தி அல்ல. 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் மீண்டும் சென்னையும், அதே மாதம் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டிய காயல்பட்டினமும் அதைக் கண்டன. அத்தகைய வெள்ளங்களுக்குப் பின் பட்டறைகளுக்கு இழுத்துவரப்படும் வண்டிகளுள் பல, வெள்ளத்தில் கெட்டவை அல்ல. வெள்ளம் வடிந்தபின் ‘ஓடுகிறதா, பார்ப்போம்’ என்று உரிமையாளர் சாவியைத் திருப்பியதால் கெட்டவை. ஆகவே, எந்த ஆயிலை வாங்குவது, எப்போது மாற்றுவது என்பவற்றுக்கு முன்பாக இந்த ஒரு விதியை மனத்தில் பதிக்க வேண்டும்: நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. லிட்டருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சிந்தெடிக் ஆயில் ஊற்றிய வண்டியானாலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

‘சிந்தெடிக்’ என்னும் சொல் கடைகளில் ஒரு மந்திரம்போல் ஒலித்தாலும், அது குறிக்கும் பொருள் ஒன்றே அன்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறுவது கனிம ஆயில்; சிறு மூலக்கூறுகளை வேதிமுறையில் இணைத்து ஒரே சீராக உருவாக்குவது, நான்காம் தொகுதி எனப்படும் பாலி ஆல்ஃபா ஓலிஃபின். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக, கச்சா எண்ணெயிலிருந்தே கிடைத்தாலும் ஹைட்ரஜனால் கடுமையாகப் பதப்படுத்தப்பட்டு மூலக்கூறு அமைப்பே மாறிவிடும் மூன்றாம் தொகுதி எண்ணெய் உண்டு. இதையும் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாம் என 1999-இல் அமெரிக்க விளம்பரத் துறையின் தன்னொழுங்கு அமைப்பு முடிவு கூறியபின், பல நாடுகளில் அப்பெயரில் விற்பவற்றுள் பெரும்பகுதி இந்த மூன்றாம் தொகுதியைச் சேர்ந்ததாயிற்று. எனவே கேனின் முகப்பில் பெரிய எழுத்தில் உள்ளதைவிடப் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ளதே படிக்கத்தக்கது.

அங்கே முதலில் தேட வேண்டியது, 5டபிள்யூ-30 போன்ற பாகுநிலைக் குறியீடு. பாகுநிலை என்பது திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு. ‘டபிள்யூ’ ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 பாகையிலும் இன்ஜினைச் சுழற்ற முடியும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கும் என்று பொருள். உதகையில் உறைபனி விழும் ஜனவரி விடியலுக்குக்கூட அத்தனை தேவையில்லை. தமிழகத்தில் அதிகம் பொருள்படுவது பின்னால் வரும் எண்ணே. 100 பாகை வெப்பத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. மழைக்கு மெல்லிய ஆயில், கோடைக்குக் கெட்டி ஆயில் என்று இன்றும் சில கடைகளில் சொல்லப்படுவது ஒற்றைத் தர ஆயில்கள் மட்டுமே கிடைத்த காலத்துப் பழக்கம். வண்டியோடு தந்த கையேட்டில் உள்ள எண்ணை மாற்றுவதற்கு அது காரணம் ஆகாது.

கியர் மாற்றி ஓட்டும் மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆயிலில் நனைகின்றன. எரிபொருள் மிச்சமாகட்டும் என்று கார் ஆயிலில் சேர்க்கப்படும் உராய்வுக் குறைப்பான்கள் இங்கே கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்யும் என்பதால், ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியுள்ள ஆயிலையே வாங்க வேண்டும். கியரற்ற ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை. அதற்கு எம்பி வகை போதும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருப்பதால், எரிந்தபின் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். பழைய டீசல் ஆயிலை ஊற்றினால் அச்சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும், புது வடிகட்டியின் விலையோ ஆயில் விலையைப்போல் பல மடங்கு.

அடுத்தது, மாற்றும் காலம். பல கார்களின் கையேடு ‘10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது’ என்கிறது. படிப்போர் முதற்பாதியோடு நிறுத்திக்கொள்கின்றனர் என்பதே தொல்லை. பிள்ளையைப் பள்ளியில் விடவும் காய்கறி வாங்கவும் மட்டும் மாதம் 300 கி.மீ. ஓடும் கார் 10,000 கி.மீ.யை எட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். அக்காருக்கு உழைப்பு குறைவு என்று கருதுவது பிழை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதன் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விட்டாலும், ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது. நீண்ட பயணத்தில் ஆயில் நன்கு சூடேறி அந்நீரை விரட்டிவிடும், இரண்டு கி.மீ. பயணத்தில் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடும். மழைக்காலத்தில் இப்படித் தங்கும் நீர் மேலும் கூடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தால், திரிந்த பாலேடுபோல் வெளுத்த பசை ஒட்டியிருப்பது அதன் தடயம். அமிலத்தை முறிக்க ஆயிலில் சேர்த்திருக்கும் காரப்பொருள்களும் இதற்குள் தீர்ந்துகொண்டே வரும். அடிப்படை எண்ணெய் சிந்தெடிக் என்பதால் அவை தீராமல் இருந்துவிடுவதில்லை. ஆகவே குறைவாக ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரை மறந்து, ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழை தொடங்குமுன் மாற்றுவதே முறை.

மாற்றும் முறை பலரும் அறிந்தது. இன்ஜினைச் சிறிது சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, வடிக்க வேண்டும். ஃபில்டரும் டிரெயின் போல்ட்டின் வாஷரும் புதியவை ஆக வேண்டும். அளவு டிப்ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கு இடையில் நிற்க வேண்டும். மேற்கோட்டைத் தாண்டக் கூடாது. காலிக் கேனைத் துளையிட்டே எறிய வேண்டும், இல்லையேல் அதில் போலி ஆயில் நிரம்பி மீண்டும் கடைக்கு வரும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டக் கூடாது.

இனி, எத்தனை முறை சொன்னாலும் மீறப்படும் அந்த விதி. மூழ்கிய வண்டியில் நீர் காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள்ளும், காற்றுப்போக்கிக் குழாய் போன்ற வழிகளில் ஆயில் அறைக்குள்ளும் புகக்கூடும். பிஸ்டன் காற்றை அழுத்தலாம். நீரை அழுத்த முடியாது. சாவியைத் திருப்பிய அந்த ஒரு நொடியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். சிலிண்டரில் நீர் இல்லாவிட்டாலும் ஆபத்து நீங்கவில்லை: ஆயிலைவிடக் கனமான நீர் அறையின் அடியில் தங்கும், ஆயில் பம்ப்பின் வாயும் அடியில்தான் இருக்கிறது, எனவே பேரிங்குகளுக்கு முதலில் போவது ஆயில் அன்று, சேற்றுநீர். இதை அறிந்தும் ‘செல்ஃப் எடுக்கிறதா என்று ஒரே ஒரு முறை’ பார்ப்பவர்களும், கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்பவர்களும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றனர். ஒரே ஒரு முறையும் கூடாது, தள்ளவும் கூடாது, கிக்கரையும் மிதிக்கக் கூடாது. இவ்வாறு ஸ்டார்ட் செய்து விளைந்த சேதத்துக்கு, இன்ஜின் பாதுகாப்புக்கெனத் தனிச் சேர்க்கை இல்லாத காப்பீடு பெரும்பாலும் பணம் தருவதில்லை. 2024 அக்டோபரில் வெள்ளத்துக்கு அஞ்சிச் சென்னையின் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை முன்கூட்டியே வரிசையாக நிறுத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

மூழ்கிய வண்டியில் முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுவது. பின்னர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தாலோ, மேற்கோட்டுக்கு மேல் ஏறியிருந்தாலோ உள்ளே நீர் இருக்கிறது. நிறம் மாறவில்லை என்பதால் நீர் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், அசையாத ஆயிலில் நீர் அடியில் தனித்து நிற்கும். வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு ஏற்றிச் சென்று, சிலிண்டரில் நீர் இல்லை என மெக்கானிக் உறுதிசெய்து ஆயிலை வடித்தபின், அதே குறியீடுள்ள மலிவான ஆயிலை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு வடிக்க வேண்டும்; வடிவது தெளியும்வரை இதைத் திரும்பச் செய்து, இறுதியாகப் புது ஃபில்டருடன் நல்ல ஆயிலை ஊற்ற வேண்டும். காரின் கியர் பெட்டியையும் ஸ்கூட்டரின் பின்சக்கரத்து கியர் ஆயிலையும் அன்றே திறந்து பார்க்க வேண்டும். அங்கும் அதே நீர் நின்றிருக்கக்கூடும்.