கொட்டை எழுத்தின் குணம்

மாணவர்களே! கடைப் பலகையில் உள்ள கொட்டை எழுத்தைச் சாலையின் மறுபக்கத்தில் நின்றே படித்துவிடுகிறீர்கள். மருந்துப் புட்டியில், எத்தனை வேளை, எவ்வளவு அளவு என்பதை அதே வடிவ எழுத்தில் சிறிதாக அச்சிட்டால் என்ன ஆகும்? 'கூப்பர் பிளாக்' என்னும் புகழ்பெற்ற ஆங்கில அச்செழுத்தைக் கொண்டு இதை ஆராய்வோம்.

இதை வடிவமைத்தவர் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த ஆஸ்வால்ட் கூப்பர் (1879–1940). அந்நகரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகம் 1922-இல் இதை வெளியிட்டது.

வடிவம்

இதன் கோடுகள் மிகவும் பருமனானவை. முனைகள் கூழாங்கல்லைப் போல உருண்டிருக்கும். இதனால் ஒரு நன்மை உண்டு. வட்டமான எழுத்தும் தட்டையான எழுத்தும் ஒரே உயரத்தில் இருந்தால், வட்ட எழுத்து நம் கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றும். ஆகவே வட்ட எழுத்தைச் சற்றுப் பெரிதாக, அடிக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கும்படி வரைவார்கள். கூப்பர் பிளாக்கில் எல்லா எழுத்துக்களின் அடிமுனைகளும் உருண்டிருப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு உறுத்துவதில்லை.

தொலைவில் ஏன் தெரிகிறது?

நல்ல பார்வையுள்ள கண், மூன்றரை மீட்டர் தொலைவில் சுமார் 1 மி.மீ. இடைவெளியைத்தான் பிரித்தறியும். அதைவிட நுண்ணிய விவரங்கள் மங்கிக் கலந்துவிடும். மெல்லிய கோடுகள் முதலில் மங்கும்; பருத்த கோடுகள் நிலைத்து நிற்கும். விளம்பரங்களுக்கு இவ்வெழுத்து ஏற்றதாக இருப்பது இதனால்தான். 1966-இல் வெளிவந்த பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டின் உறையில் இதைக் காணலாம். 1995-இல் தொடங்கிய ஈசிஜெட் விமான நிறுவனமும் தன் பெயரை இதில்தான் எழுதுகிறது.

சிறிதாக்கினால்?

கோடு பருத்தால் எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் குறுகும். ஒரு பெரிய எழுத்தின் உள்வெளி 5 மி.மீ. அகலம் என்றும், தாளில் மை ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. பரவுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சுவது 4.8 மி.மீ.; இழப்பு நூற்றுக்கு 4 பங்குதான். இப்போது எழுத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். உள்வெளி 0.5 மி.மீ. ஆகிவிடும். ஆனால் மை பரவும் அளவு குறையாது! எஞ்சுவது 0.3 மி.மீ.; இழப்பு நூற்றுக்கு 40 பங்கு. எழுத்துக்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தோன்றும். 6 எது, 8 எது என்று நோயாளி திணறுவார்.

செய்து பாருங்கள்

பழைய செய்தித்தாளின் வெற்று ஓரத்தில், 8 என்ற எண்ணை மைப்பேனாவால் 5 செ.மீ. உயரத்தில் பருமனாக வரையுங்கள். அதையே 5 மி.மீ. உயரத்தில், பருமனையும் அதே விகிதத்தில் குறைத்து வரையுங்கள். எதன் உள்வெளி அடைபடுகிறது? பிறகு வீட்டிலுள்ள ஒரு மருந்து அட்டையை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயர் எத்தகைய எழுத்தில் உள்ளது? அளவும் காலாவதி நாளும் எத்தகைய எழுத்தில் உள்ளன? காரணத்தை நீங்களே எழுதுங்கள்.