டிக் டிக் என்கிறது, கார் கிளம்பவில்லை: பேட்டரியா, செல்ஃபா?

ஸ்ரீரங்கத்து அடுக்ககங்களின் கீழே உறையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் கார்களில் பல, வாரத்துக்கு ஒருமுறை ஓடினாலே அதிகம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், பெரியவர்கள் இங்கே. தில்லைநகரில் டாக்டரைப் பார்க்க, தென்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக என்று காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்புவதோடு சரி. அப்படிப்பட்ட காரில் ஒருநாள் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றாது, ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். உடனே பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “பேட்டரி போச்சு மாமா, மாத்திடுங்கோ.”

அவர் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனாலும் பத்து நிமிடம் பார்க்காமல் கடைக்கு போன் செய்யாதீர்கள். பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தாலும், எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலும், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே மாதிரிச் சத்தம்தான் கேட்கும். புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். டெர்மினலைச் சுத்தம் செய்ய ஆப்பசோடா போதும்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் செல்ஃபின் தலைமேல் இருக்கும் சோலினாய்டு ஒரு இரும்புத் தண்டை இழுத்து, தடித்த இரண்டு செம்பு முனைகளை இணைக்கிறது. ‘டிக்’ என்பது அந்தத் தண்டு போய் முட்டும் ஓசை. தண்டை இழுக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும், மோட்டாரைச் சுற்றவோ சின்ன பெட்ரோல் காருக்கே நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் முனைகள் சேர்ந்த நொடியே வோல்டேஜ் சரிந்துவிடும், தண்டு விடுபடும். விடுபட்டதும் வோல்டேஜ் ஏறும், தண்டு மறுபடி இழுபடும். படபடவென்று தொடர்ந்து அடிப்பது இதனால்தான். எனவே பல டிக் என்றால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல். கனமாக ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அத்தோடு அமைதியானால், சந்தேகம் செல்ஃப் பக்கம் போக வேண்டும்.

சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், விளக்கையும் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி பக்கம்தான் குறை. வெளிச்சம் அப்படியே பளிச்சென்று நின்று, ‘டக்’ மட்டும் கேட்டால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அங்கே புது பேட்டரி வாங்கிப் போடுவது வீண் செலவு.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழைநீர் தேங்கிய சப்வேயில் இறங்கி நின்றுபோன கார் ‘டக்’ என்றால் மறுபடி சாவியைத் தொடாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அடுத்த முயற்சியில் கனெக்டிங் ராடு வளையும். அதைத் தள்ளவும் கூடாது, இழுவை வண்டிதான் வர வேண்டும்.

பல டிக் கேட்ட காருக்கு வருவோம். பானெட்டைத் திறந்து டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தாலோ, வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தாலோ பாதி விடை கிடைத்துவிட்டது. பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது கறுப்பு மைனஸ் ஒயர் முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஜம்ப் ஸ்டார்ட் செய்வதா, தள்ளுவதா என்ற கேள்வி. என் ஓட்டு ஜம்புக்குத்தான். வைகுண்ட ஏகாதசி விடியலில் பரமபத வாசல் சேவித்துவிட்டு வருகிறீர்கள், இரவெல்லாம் பார்க் லைட் எரிந்த கார் கொள்ளிடக்கரையில் ‘டிக் டிக்’ என்கிறது என்று வையுங்கள். அந்தக் கூட்டத்தில் தள்ள இடம் ஏது? பக்கத்தில் நிற்கும் டாக்சிகளில் ஒன்றிலாவது ஜம்பர் கேபிள் இருக்கும். சிவப்பை உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை டாக்சிக்காரர் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பின் ஒரு முனை அவர் மைனஸில். கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வுங்கள். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. அவர் வண்டி ஐந்து நிமிடம் ஓடட்டும், பிறகு உங்கள் சாவியைத் திருப்புங்கள்.

தள்ளுவது கியர் மாற்றி ஓட்டும் கார்களுக்கு மட்டும்: சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்சை மிதித்தபடி வேகம் பிடித்ததும் விடுவது. ஆட்டோமேட்டிக் கார்களில் இந்த வேலை நடக்காது, ஏஎம்டியிலும் முயல வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும் என்பதை மறந்து, ஜனம் நடமாடும் சித்திரை வீதியில் இதைச் செய்யாதீர்கள்.

கார் கிளம்பிவிட்டதே என்று பேட்டரியை மன்னித்துவிடவும் முடியாது, உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இரவு முழுக்க ஓய்ந்த பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் வற்றிவிட்டது. முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அது 12-லேயே நின்றால் குற்றவாளி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பேட்டரி போட்டாலும் தீர்ந்துபோகும். பரிசோதிக்க வரும் எலக்ட்ரீசியன் மீட்டர் வைக்காமல் ‘மாத்தணும் சார்’ என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வாங்குவது என்று முடிவானால் பிராண்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். எக்ஸைடுக்கு ஓசூரில் ஆலை, அமரான் திருப்பதியில். உற்பத்தித் தேதி முக்கியம், கடை அலமாரியில் ஆறு மாதம் தூங்கியதை வாங்காதீர்கள். பழையதன் ஆம்பியர்-அவரும் பிளஸ், மைனஸ் இருக்கும் பக்கமும் பொருந்த வேண்டும். சிக்னலில் தானே அணைந்து கிளம்பும் கார் என்றால் அதற்கென உள்ள ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் போட வேண்டும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சியில் மூன்று, நான்கு வருடம் உழைத்த பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. குளிரைவிட வெப்பம்தான் அதன் ஆயுளைத் தின்கிறது.

ஒற்றை ‘டக்’ காருக்கு வழி வேறு. கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்து வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் ஸ்பேனரின் பிடியால் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டட்டும். கிளம்பிவிட்டால் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது சோலினாய்டின் செம்பு முனை கருகியிருக்கிறது. அது தற்காலிக உயிர்தான், வழியில் நிறுத்தாமல் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போய்விடுங்கள். அம்பாசிடர் காலத்தில் செல்ஃப் மக்கர் செய்தால் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார்கள். இன்றைய காரில் அந்த ஓட்டையே கிடையாது.

செல்ஃபைப் பிரித்துச் சரிசெய்வதா, புதிதாகப் போடுவதா? வாரண்டியில் உள்ள காரைத் தெருக்கடையில் பிரிக்கவே கூடாது, கம்பெனியின் உதவி எண்ணை அழையுங்கள். வாரண்டி முடிந்த காருக்குப் பிரஷ், புஷ், சோலினாய்டு மாற்றுவதே என் தேர்வு. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1960-களிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறது, உள்ளூர்க் கடைகளில் இந்த உதிரிகள் கிடைக்கும். உள்ளே சுழலும் ஆர்மேச்சரே எரிந்திருந்தால் மட்டும் முழு மோட்டாரையும் மாற்றுங்கள்.

ஆனால் வாரம் சில கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காருக்குப் புது பேட்டரியும் சீக்கிரம் சாகும். நின்ற நாட்களில் வற்றியதையும் செல்ஃப் எடுத்துக்கொண்டதையும் திருப்பிக் கொடுக்க அந்த ஓட்டம் போதாது. நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஏசியோடு இன்ஜினை ஓடவிடுவதும் பெட்ரோலுக்குத்தான் கேடு. வாரம் ஒருமுறை முக்கொம்பு வரை ஓட்டிப் போய் வாருங்கள். முடியாதவர்கள் வீட்டில் செருகும் தானியங்கி சார்ஜர் ஒன்று வாங்கிவிடுங்கள். அப்படியும் புதியது வாங்க நேர்ந்தால், பழைய பேட்டரியைக் கடையில் கொடுக்கும்போது அதற்கான தள்ளுபடியைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் விழுந்ததா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.