படலை வரைக்கும் போகும் காகிதம்

நல்லூர்,
ஆனி மாதம்.

அன்புள்ள மருமகனுக்கு,

கொழும்பிலிருந்து நீர் எழுதிய கடிதம் முந்தநாள் கிடைத்தது. தூள், மா அரைக்கும் இயந்திரத்துக்கு முற்பணம் கட்டிவிட்டீர் என்பதும், கல்வியங்காட்டுச் சந்தைக்குப் போகும் ஒழுங்கையிலுள்ள அக்காவின் வளவிலேயே மில்லைத் தொடங்கப்போகிறீர் என்பதும் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தன. ஐயாயிரம் துண்டுப்பிரசுரம் அடித்து, கந்தசுவாமி கோயில் தேரன்று சனத்துக்குக் கொடுத்துவிட்டால் யாழ்ப்பாணம் முழுவதற்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்று நீர் எழுதியிருந்த இடத்திலே மாத்திரம் என் மனம் தடுக்கி நின்றது. முப்பது வருஷத்துக்கு மேல் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவன் நான். அதைப்பற்றி உமக்கு விரிவாக எழுதுவது என் கடமை.

தேரன்று விடியற்காலையிலே வீட்டிலிருந்து புறப்பட்டு வருகிற ஒருவர், முருகனைத் தரிசிக்க வேண்டும் என்ற ஒரே சிந்தையோடு, ஒரு கையில் அர்ச்சனைத் தட்டமும் மறு கையில் பிள்ளையின் விரலுமாக நிற்கும்போது, அவருடைய கையில் மிளகாய் அரைக்கும் விலையை நீர் திணித்தால், அவர் அதை வாங்குவது மரியாதைக்காகத்தான். பத்தடி தள்ளிப் போனதும் கை தானாகவே விட்டுவிடும். தேர் இருப்பிடத்துக்கு வந்தபிறகு வீதியிலே நான் பார்த்திருக்கிறேன்: சிதறு தேங்காய் ஓடுகளுக்கிடையே மஞ்சளும் ரோசாவுமாகக் காகிதங்கள் மணலில் மிதிபட்டுக் கிடக்கும். அடியார்கள் பிரதட்டை பண்ணுகிற மணல் அது. உம்முடைய தொழிலின் பெயர் அங்கே கிடப்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

ஐயாயிரம் வேண்டாம், நானூறு அடியும். அந்த நானூறையும் வீட்டுக்கு வீடு நீரே கொண்டுபோய்க் கொடும். மில்லுக்கு மல்லியும் மிளகாயும் கொண்டுவரப் போகிறவர்கள் நடந்தோ சைக்கிளிலோ வரக்கூடிய தூரத்திலுள்ள சனந்தான்; சாவகச்சேரிக்காரருக்கு அங்கேயே மில் உண்டு.

வீட்டு வாசலுக்குக் காகிதம் கொண்டுபோகும் வழக்கம் நம்முடைய ஊருக்குப் புதிதல்ல என்பதையும் நீர் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்க மிஷன் 1820ஆம் ஆண்டிலே அனுப்பிய அச்சியந்திரத்தோடு வந்த அச்சாளரை அரசாங்கம் இங்கே தங்கவிடாமற் போகவே, அந்த இயந்திரம் நல்லூரிலிருந்த சர்ச் மிஷன் பாதிரியார் ஜோசப் நைற் அவர்களிடம் சேர்ந்து, பிற்பாடு மானிப்பாய்க்குப் போயிற்று. மிஷனரிமாரின் சிறு பிரசுரங்கள் குடாநாட்டுக் கிராமங்களிலே பரவியதைக் கண்ட நம்மூர் ஆறுமுகநாவலர், 1849ஆம் ஆண்டு தம் மாணாக்கர் சதாசிவபிள்ளையோடு சென்னபட்டணம் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை ஸ்தாபித்தார். காகிதத்துக்குக் காகிதத்தாலேயே மறுமொழி கொடுத்த மகான் அவர். இதே கந்தசுவாமி கோயிலைக் குறித்து அவர் அச்சிட்டு வெளியிட்டவை அவருடைய பிரபந்தத்திரட்டிலே சேர்ந்து, இன்றைக்கும் படிக்கப்படுகின்றன. அவ்வளவு காலம் ஒரு காகிதம் நின்றதற்குக் காரணம், அதை வாசித்தவர்கள் அதை வைத்திருக்க விரும்பினார்கள் என்பதே.

வேறு வகையான காகிதங்களும் நம்முடைய முற்றத்துக்கு வந்தன. யுத்த காலத்திலே ஆகாயத்திலிருந்து விழுந்த துண்டுப்பிரசுரங்களைப் பொறுக்கி வாசித்துவிட்டு, பெட்டி கட்டிய சனம் இன்னும் இந்த ஒழுங்கைகளில் இருக்கிறது. பொருளாதாரத் தடையிருந்த 1990களிலே, பத்திரிகைத்தாள் கிடையாமல், கோடு போட்ட கொப்பித்தாளிலே பத்திரிகை அச்சிட்டதை நீர் கேள்விப்பட்டிருப்பீர். தாளின் அருமை எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆகையினாலே, படலைக்குள்ளே காகிதத்தை வீசிவிட்டு ஓடாதேயும். கூப்பிட்டு, ஆள் வரும்வரைக்கும் நின்று, இன்னாருடைய பேரன் என்று சொல்லிக் கையிலே கொடும். இங்கே காகிதத்தைக் காட்டிலும் அந்த ஒரு வார்த்தைதான் முதலில் வாசிக்கப்படும்.

இனி எதை அச்சிடுவது? நம்முடைய வீடுகளிலே கைவிடாமல் வைத்திருக்கிற அச்சுத்தாள் எது என்று யோசித்துப் பாரும். கோயிலிலிருந்து வருகிற மகோற்சவ விஞ்ஞாபனம் ஒன்றுதான். கலண்டருக்குப் பின்னாலோ சுவாமி அறையிலோ செருகிவைத்து, கொடியேற்றம் என்றைக்கு, சப்பறம் என்றைக்கு, தேர் என்றைக்கு என்று திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். திருவிழா முடியும்வரை அதிலே பிரயோசனம் இருக்கிறது. உம்முடைய காகிதத்துக்கும் அப்படியொரு பிரயோசனத்தை உண்டாக்கும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. ஒரு வீட்டுத் தூளைப்போல இன்னொரு வீட்டுத் தூள் இராது. உம்முடைய அம்மம்மா பெருஞ்சீரகத்தைக் கூட்டிப் போடுவா, பக்கத்து வீட்டிலே மிளகு கூட இருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே மேலே ‘உ’வும் ‘சிவமயம்’ என்பதும் போட்டு, மில்லின் பெயர், இடம், திறந்திருக்கும் நேரம், வறுத்து அரைக்கக் கிலோவுக்கு எவ்வளவு, வறுக்காமல் அரைக்க எவ்வளவு என்பவற்றை நாலு வரியிலே முடித்துவிட்டு, அதன் கீழே செத்தல் மிளகாய், மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே இடத்தை வெறுமையாக விடும். அந்த வீட்டுப் பெண் தன்னுடைய அளவைத் தன் கையாலே எழுதிக்கொள்ளட்டும். தன் கையெழுத்து இருக்கிற தாளை ஒருத்தியும் குப்பையிலே போடமாட்டாள். சாமானோடு அதையும் மில்லுக்குக் கொண்டுவருவாள், நீரும் அதைப் பார்த்தே நிறுத்துப் போடலாம். பென்சிலாலும், மை ஊறாமற் பேனையாலும் எழுதக்கூடிய தாளாக இருக்கட்டும். வழவழப்பான தாளை அச்சகக்காரர் சிபாரிசு செய்தாலும் வேண்டாம் என்று சொல்லும்.

செய்ய முடியாத ஒன்றையும் எழுதாதேயும். எங்கள் அச்சுக்கூடத்துக்கு ஒருமுறை தையற்கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்கு முன் வந்து, ‘கொடுத்த மறுநாளே தைத்துத் தரப்படும்’ என்று பெரிய எழுத்திலே போடச் சொன்னார். நான்தான் அதைக் கோத்தேன். சனம் நம்பித் துணியைக் கொண்டுபோய்க் குவித்தது. இரண்டு மெஷின் வைத்திருந்தவர் என்ன செய்வார்? தீபாவளி விடியலிலே, முழுகிவிட்டு ஈரத்தலையோடு அவருடைய வாசலிலே நின்ற பிள்ளைகளை, கோயிலுக்குப் போகிற வழியில் என் கண்ணாலே கண்டேன். வாடிக்கைக்காரர் கையிலே அந்தத் துண்டுப்பிரசுரம் இருந்தது. ‘மறுநாளே’ என்ற சொல்லை ஈயத்திலே கோத்த என்னுடைய விரல்களை அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உமக்கு இரண்டு நாள் வேண்டுமென்றால் மூன்று நாள் என்று எழுதும்.

காலத்தையும் கவனியும். ஆடி அமாவாசைக்குப் பிறகு கொடியேறி இருபத்தைந்து நாள் திருவிழா நடக்கும்போது, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் வீடுகளுக்கு வந்து நிற்பார்கள். தீர்த்தம் முடிந்து அவர்கள் திரும்பும்போது பெட்டியிலே ஏறுவது தூள்தான். ஆகையால் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்னரே உம்முடைய காகிதம் வீட்டுக்குள்ளே போயிருக்க வேண்டும். மாரி தொடங்கினால் மிளகாய் காயாது, நீர் கொண்டுபோகிற காகிதமும் நனைந்துபோம். பின்னேரம் நாலரைக்குப் பிறகு போம்; மத்தியானம் படுத்திருக்கிறவர்களை எழுப்பாதேயும். செத்தவீட்டுப் பந்தல் போட்டிருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய், முப்பத்தொன்று முடிந்தபிறகு ஒரு நாள் வாரும்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கமுன் எனக்கு அனுப்பிவையும்; கண் மங்கினாலும் எழுத்துப்பிழை இன்னும் என் கண்ணுக்குத் தப்பாது. தொலைபேசி இலக்கத்தை மாத்திரம் இரண்டு இடத்திலே எழுதி அனுப்பும், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாயிருக்கும். அரசடிப் பக்கத்து வீடுகளுக்கு நீர் போகிற அன்று நானும் கூட வருகிறேன். அங்கே பாதிப்பேரை எனக்குப் பழக்கம்.

இப்படிக்கு,
மாமா.