கை ஓய்ந்த பிறகும் கடை ஓடுமா?

தொழில் தொடங்குவது எப்படி என்று நமக்குப் பலரும் சொல்லித் தருகிறார்கள். தொழிலை விற்பது எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அதை நான் என் தாய்மாமாவின் கடையில்தான் கற்றேன்.

எங்கள் ஊர் சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலம். மாமா ஏற்காட்டில் வாடகைக் கடை பிடித்து 32 வருடமாக போர்டு எழுதுகிறார். முதலில் தகரமும் எனாமல் பெயின்ட்டும். பிறகு ஸ்டிக்கர் வெட்டும் மெஷின், அக்ரிலிக் எழுத்து, எல்.இ.டி. போர்டு. பிளக்ஸ் மட்டும் சேலத்தில் அடித்து வரும். இப்போது வயது 63. கை நடுங்குகிறது.

"மாப்ளே, நீயே எடுத்துக்கிறியா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு மெஷின் ஷாப் வேலைதான் ஆசை. முடியாது என்று சொல்ல ஒரு வாரம் ஆனது. "சரி, அப்ப விக்கிறதுக்காவது கணக்குப் போட்டுக் குடு" என்றார்.

வாங்க வந்தவர் மெஷின்களுக்கு மட்டும் 1,20,000 ரூபாய் சொன்னார். மாமா கேட்டது 10 லட்சம். இருவரிடமும் கணக்கு இல்லை. நான் நம் மேலாண்மைப் பாட நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் தேய்மானம். ஸ்டிக்கர் மெஷின் வாங்கிய விலை 45,000. ஆயுள் 10 வருடம், கடைசியில் கிடைக்கும் பழைய விலை 5,000. ஆக, வருடத் தேய்மானம் 4,000. ஆறு வருடம் ஓடிவிட்டதால் இன்றைய மதிப்பு 21,000. இப்படி எல்லாச் சாமானும் சரக்கும் சேர்த்து 1,30,000 வந்தது.

அடுத்தது லாபம். வருட வரவு 9,60,000. வாடகை, கரண்ட், ஷீட், பெயின்ட், உதவிப் பையன் சம்பளம் எல்லாம் 6,00,000. "மிச்சம் 3,60,000 லாபம்தானே? மூணு வருஷ லாபத்தையாவது குடுக்கட்டும்" என்றார் மாமா. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மாமா தினமும் செய்யும் வேலைக்கு ஆள் வைத்தால் மாதம் 20,000 சம்பளம், வருடத்துக்கு 2,40,000. அதைக் கழித்தால் உண்மையான லாபம் 1,20,000 மட்டுமே. வாங்குபவர் விலை கொடுப்பது இதற்குத்தான். இரண்டு வருட லாபத்தை நன்மதிப்பாக வைத்தால் 2,40,000. சாமானோடு சேர்த்து 3,70,000.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இத்தனை வருஷமா நான் எனக்கே கூலியாளா இருந்திருக்கேன்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த 2,40,000-மும் தானாக வந்துவிடாது. வாடிக்கையாளர் தேடி வருவது கடையையா, மாமாவையா? எந்த எஸ்டேட் போர்டு என்ன அளவு, பனிக்கும் மழைக்கும் துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு எத்தனை பூச்சு, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் எல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. அவரைச் சொல்லச் சொல்லி இரண்டு மாதம் நோட்டில் எழுதினேன். கடை உரிமையாளரிடம் வாடகை ஒப்பந்தத்தைப் புதியவர் பெயருக்கு மாற்றச் சம்மதம் வாங்கினோம். கடையின் போன் நம்பரையும் கொடுப்பதென்று முடிவானது.

ஒப்பந்த நகலில் "மாமா தமிழ்நாட்டில் எங்கும் இத்தொழில் செய்யக்கூடாது" என்று ஒரு வரி இருந்தது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நன்மதிப்பை விற்பவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. வாங்கியவர் அத்தொழிலை நடத்தும் வரை, குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று விற்றவர் ஒப்புக்கொள்ளலாம். அந்த எல்லை நியாயமானதாக இருக்க வேண்டும். அதைக் காட்டி, "ஏற்காடு வட்டத்துக்குள்" என்று மாற்ற வைத்தோம்.

கடைசியில் 3,25,000-க்கு முடிந்தது. கையில் 2,00,000, மீதி ஆறு மாதம் கழித்து. முதல் மூன்று மாதம் மாமா கூட இருந்து வேலை காட்ட வேண்டும். பிரஷ் பெட்டியை மட்டும் அவர் சாமான் பட்டியலில் சேர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நாளை நம்மில் பலர் லேத் பட்டறையோ, மோட்டார் வைண்டிங் கடையோ வைப்போம். முதல் நாளிலிருந்தே உங்களுக்கும் ஒரு சம்பளம் எழுதுங்கள். கைக்குத் தெரிந்ததை நோட்டிலும் ஏற்றுங்கள். ஒரு வாரம் நீங்கள் வராவிட்டாலும் கடை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால்தான் அது விற்கக்கூடிய தொழில்.