வீடு, மனை வாங்கும் முன்னே: பத்திரம் பார்ப்பதும் வக்கீலைத் தேர்ந்தெடுப்பதும்



"மனை வாங்க", "வீடு வாங்க" என்று எழுதி வரும் கடன் மனுக்கள் நம்ம குழுக்களுக்குப் புதிதில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு, குழுக் கடன், காதில் கழுத்தில் கிடந்த நகை எல்லாம் சேர்ந்துதான் மூணு சென்ட் மனையாக மாறுகிறது. அந்த மனையில் வில்லங்கம் இருந்தால் மனையும் போகும், கட்டின வீடும் போகும். ஆனால் கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் படிப்போம்.

பார்க்க வேண்டிய காகிதங்கள்

1. மூலப்பத்திரம்: இதைத் தாய்ப் பத்திரம் என்றும் சொல்லுவாங்க. இப்போது விற்பவருக்கு அந்த இடம் எப்படி வந்தது, அவருக்கு முன்னே யாரிடம் இருந்தது என்று சங்கிலி மாதிரி தொடர்ந்து வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப் போனால் காரணம் கேட்க வேண்டும். ஜெராக்ஸ் போதாது, அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். "அசல் வீட்டில் இருக்கு, பிறகு தர்றேன்" என்றால் அது எங்கேயாவது அடமானத்தில் இருக்கலாம்.

2. வில்லங்கச் சான்று: அந்த இடத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம், பாகப்பிரிவினை போன்றவை இதில் தெரியும். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பதிவு ஆகாத எதுவும் இதில் வராது. பத்திரத்தைக் கொடுத்துத் தனியாரிடம் வாங்கின கைமாற்று, எழுதி வைத்த உயில், கோர்ட்டில் நடக்கும் வழக்கு ஆகியவை தெரியாமல் போகலாம். "வில்லங்கம் இல்லை என்று சான்று வந்துவிட்டது" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

3. பட்டா, சிட்டா, புல வரைபடம்: பட்டாவில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றா, சர்வே எண்ணும் உட்பிரிவும் பரப்பளவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே முழு உரிமைக்கு ஆதாரம் ஆகாது. பத்திரமும் பட்டாவும் சேர்ந்து பேச வேண்டும். சர்வேயரை வைத்து அளந்து பார்ப்பது நல்லது. ஒரு சென்ட் என்றால் 435.6 சதுர அடி. மூணு சென்ட் என்று விலை பேசினால் ஏறக்குறைய 1,307 சதுர அடி தரையில் இருக்க வேண்டும்.

4. மனை அங்கீகாரம்: விவசாய நிலத்தைப் பிரித்துக் கல் நட்டு விற்கும் இடமா? லேஅவுட் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 முதல் கட்டுப்பாடு உள்ளது.

5. அரசு ஒப்படை நிலம்: அரசு இலவசமாகக் கொடுத்த மனைப்பட்டா, பஞ்சமி நிலம், கோயில் நிலம், புறம்போக்கு ஆகியவற்றில் நிபந்தனைகள் இருக்கும். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால் பணம் திரும்பாது. பஞ்சமி நிலம் தாழ்த்தப்பட்ட மக்களுக்காக ஒதுக்கியது. அதை மற்றவர்கள் வாங்கக் கூடாது.

யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

அதிகமாகச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். ஓர் உதாரணம் பார்ப்போம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மூத்த மகன், "என் அப்பா சொத்து, நான் விற்கிறேன்" என்கிறார். இந்து குடும்பம் என்றால் இறந்தவரின் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா, எல்லோருக்கும் பங்கு உண்டு. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாலும் பங்கு போகாது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் சட்டமாகிவிட்டது.

ஆகவே தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பங்கு இருந்தால், அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, கோர்ட் அனுமதி வேண்டும்.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நாமும் ஒரு வீட்டின் பெண்கள்தான். "சும்மா ஒரு கையெழுத்து" என்று அண்ணன் தம்பி நீட்டும் காகிதம் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். விட்டுக்கொடுப்பது நம்ம விருப்பம். ஆனால் படித்துப் பார்க்காமல் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பவர் பத்திரம் வைத்து விற்பவர்களிடமும் கவனம் தேவை. பவர் பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் சொத்து நமக்கு வராது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நமக்குப் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்பதையும் விசாரியுங்கள். சாதாரண பவர், கொடுத்தவர் இறந்தவுடன் முடிந்துவிடும்.

வக்கீலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"பத்திரம் எழுதுகிறவரே எல்லாம் பார்த்துக்குவாரு" என்று நம்மில் பலர் சொல்கிறோம். பத்திர எழுத்தரின் வேலை, நாம் சொல்வதைப் பத்திரமாக எழுதிப் பதிவுக்குத் தயார் செய்வது. விற்பவருக்கு உண்மையிலே உரிமை இருக்கிறதா என்று ஆராய்ந்து சொல்வது வக்கீலின் வேலை. இரண்டும் வேறு வேறு.

• வக்கீல் நம்ம வக்கீலாக இருக்க வேண்டும். விற்பவரோ தரகரோ கூட்டி வரும் வக்கீல் வேண்டாம்.
• சொத்து, சிவில் வழக்குப் பார்ப்பவராக இருக்கட்டும். அந்தப் பகுதி கோர்ட்டில் இருப்பவர் என்றால் உள்ளூர் நிலவரம் தெரியும்.
• வக்கீல் என்றால் பார் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். அடையாள அட்டையைக் கேட்கத் தயங்க வேண்டாம்.
• கட்டணத்தை முதலிலேயே பேசுங்கள். பத்திரம் பார்க்க மட்டுமா, ஒப்பந்தமும் கிரயப் பத்திரமும் எழுதித் தரவும் சேர்த்தா, பதிவு அன்று கூட வருவாரா என்று தெளிவாகக் கேட்டுக் குறித்து வையுங்கள். ரசீது வாங்குங்கள்.
• "இந்தச் சொத்தை வாங்கலாம்" அல்லது "இன்னின்ன காகிதம் குறைகிறது" என்று கையெழுத்துப் போட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள். இதைத்தான் லீகல் ஒப்பீனியன் என்கிறார்கள். வாய்ச்சொல் போதாது.
• நமக்குப் புரியும்படி சொல்கிறாரா என்று பாருங்கள். கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறார், "எல்லாம் சரியா இருக்கும்மா, நீ கையெழுத்துப் போடு" என்கிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வங்கிக் கடன் வாங்கினால் வங்கியின் வக்கீலும் பத்திரம் பார்ப்பார். அவர் பார்ப்பது வங்கியின் பணம் பத்திரமாக இருக்கிறதா என்று. நாமும் தனியாக ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையே என்று கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. வழக்கு நடத்த மட்டும் இல்லை, ஆலோசனை கேட்கவும்தான். தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

ஒப்பந்தம், பணம், பதிவு

கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 முதல் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விலை, அட்வான்ஸ், மீதிக்குக் கெடு, தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் கூடாது. வங்கி மூலம் கொடுத்தால் அதுவே சாட்சி.

பதிவுச் செலவையும் முன்பே கணக்குப் போடுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்து வாங்கினால், 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 4 லட்சம் ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 28,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 8,000 ரூபாய், ஆக 36,000 ரூபாய். சலுகை கிடைத்தால் 32,000 ரூபாய். பேசின விலையை விட அரசின் வழிகாட்டி மதிப்பு அதிகம் என்றால் அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். சலுகைக்கான நிபந்தனைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரம் யார் பெயரில்? கடன் நம்ம பெயரில், தவணை நம்ம உழைப்பில், பத்திரம் மட்டும் வேறு பெயரில் என்றால் யோசிக்க வேண்டும். நம்ம பெயரில் இருந்தால் நாளைக்கு யாரும் நம்மை வெளியே போ என்று சொல்ல முடியாது. இதை வீட்டில் சண்டையாக இல்லாமல், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

பதிவுக்கு முன் பத்திரத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர், சர்வே எண், நான்கு பக்க எல்லை, அளவு, பாதை உரிமை சரியா என்று பாருங்கள். பதிவு முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. அசல் பத்திரத்தை வாங்குங்கள். பட்டா மாறுதல் நடந்ததா என்று பாருங்கள், உட்பிரிவு செய்ய வேண்டிய இடம் என்றால் அளந்து தரும் வரை விடாதீர்கள். வீட்டு வரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றுங்கள். சில வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு நம்ம பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. மனை வாங்கக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் நம்ம குழு எந்தெந்தக் காகிதங்களைக் கேட்க வேண்டும்?
2. நம்ம குழுவில் எத்தனை பேர் பெயரில் வீடோ மனையோ இருக்கிறது? மற்றவர்களுக்கு ஏன் இல்லை?
3. தாலுகா கோர்ட் சட்ட உதவி மையத்துக்கு ஒரு நாள் சேர்ந்து போய் வரலாமா?
4. வீட்டில் இருக்கும் பழைய பத்திரத்தை எடுத்து, சர்வே எண்ணைப் பட்டாவோடு ஒப்பிட்டுப் பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

தனியாகப் போனால் "உனக்கு என்னம்மா தெரியும்" என்பார்கள். நாலு பேராகக் காகிதத்தோடு போனால் உட்காரச் சொல்லிப் பதில் சொல்வார்கள். மனை பார்க்கப் போகும் உறுப்பினரைத் தனியாக அனுப்பாதீர்கள், தோழிகளே!